கழிசல் தொட்டிக் கெண்டைகள்

நேற்றுக் காலை உங்கள் ஆய்வுக்கூடத்துப் பக்கம் வந்திருந்தேன். ஓய்வு பெற்றவன் உள்ளே வந்தால் யாரும் எழுந்து நிற்க வேண்டியதில்லை. அதனால் நிம்மதியாக வேடிக்கை பார்க்க முடிகிறது. உங்களில் ஒருவர் வலையில் வந்த சின்ன மீன்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். கோடும் புள்ளியும் பளிச்சென்று தெரிந்தவை தட்டுக்குப் போயின. மங்கலானவை, அரைகுறையானவை, இதிலும் சேராமல் அதிலும் சேராமல் நின்றவை எல்லாம் வாளிக்குப் போயின. “வாளிய என்ன செய்வீங்க?” என்று கேட்டேன். “வாய்க்கால்ல கொட்டிருவோம் சார், நல்ல மாதிரி இல்ல” என்றார்.

எனக்குப் பகீர் என்றது. அவரைக் குற்றம் சொல்லவில்லை. மீனைப் பார்த்துப் பெயர் சொல்கிற நம் தொழிலில் எல்லாருக்கும் இருக்கிற பழக்கம் அது. புத்தகத்துப் படத்தோடு ஒத்துப்போகிற மீனைக் கண்டால் கை தானாகப் போய் எடுக்கும். ஒத்துப்போகாததைத் தானாகத் தள்ளும். ஆனால் மதுரையில் ஒரு நாள், அப்படித் தள்ளிவிட்ட மீன்களுக்குள்தான் ஒரு நல்ல மனிதரின் மானம் கிடந்தது. அதை உங்களுக்குச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. வலையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு உட்காருங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. ஊரில் ஒரு கல்லூரியின் விலங்கியல் பிரிவில் நான் உதவியாளன். வைகையிலும் சுற்றுவட்டாரக் கண்மாய்களிலும் பிடிபடுகிற மீன்களின் செதிலை எண்ணி, துடுப்பு முள்ளை எண்ணி, இன்ன இனம் என்று எழுதிப் புட்டியில் போடுவது என் வேலை. எனக்கு மேலே எங்கள் பேராசிரியர். அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்கள் கதையை விட்டுவிட்டு அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவீர்கள். தண்ணீருக்குள் ஓடுகிற மீனுக்குக் கரையில் நின்றபடியே பெயர் சொல்லுவார். அவர் முன்னால் நாங்கள் சத்தமாகத் தும்மக்கூட மாட்டோம்.

சோழவந்தான் பக்கத்தில் பெரியாற்றுத் தண்ணீர் வருகிற வாய்க்கால்களில் இரண்டு விதமான கெண்டை கிடைக்கும். ஒன்று சின்னது. உடம்பின் குறுக்கே கறுப்புப் பட்டைகள்: முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, வாலுக்குச் சற்று முன்னால் ஒன்று. மற்றது பெரியது. பட்டையே கிடையாது, வாலுக்கு முன்னால் ஒரே ஒரு கறுப்புப் பொட்டு. ஆண் மீனுக்கு முதுகுத் துடுப்பு நூல் நூலாக நீண்டிருக்கும். முதலாவதைப் பட்டைக் கெண்டை என்றும் இரண்டாவதைப் பொட்டுக் கெண்டை என்றும் எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். இரண்டும் வெவ்வேறு இனம் என்று பேராசிரியர் பிரித்து எழுதிய கட்டுரை சீமைப் பத்திரிகையில் வந்திருந்தது. எங்கள் அலமாரியில் இரண்டு புட்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். வருகிறவர்களுக்கெல்லாம் அவற்றைக் காட்டி மீசையை முறுக்கிக்கொள்வோம்.

இப்போது காசிம் ராவுத்தர். தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். விளக்குச் சிம்னி, நிலைக்கண்ணாடி, சர்பத் கிளாஸ், மிட்டாய் ஜாடி எல்லாம் கிடைக்கும். ஒரு வெள்ளைக்கார டாக்டருக்கு மீன் வளர்க்கக் கண்ணாடித் தொட்டி செய்து கொடுக்கப்போய், அந்தத் தொட்டியில் ஓடிய மீன் மேல் இவருக்கே ஆசை வந்து, கடைசியில் மீனை உயிரோடு ஏற்றுமதி செய்கிற அளவுக்கு அந்தக் கிறுக்கு முற்றிவிட்டது. தகர டின்களில் போட்டு ரயிலில் தனுஷ்கோடி, படகில் இலங்கை, கொழும்பிலிருந்து கப்பலில் ஜெர்மனி. நாம் காலைக் கழுவிக்கொண்டு போகிற வாய்க்கால் மீனை அங்கே வரவேற்பறையில் வைத்து அழகு பார்த்தார்கள்!

ஒவ்வொரு முறை சரக்கு அனுப்பும் முன்பும் ராவுத்தர் என்னைக் கூப்பிடுவார். நான் பார்த்துப் பெயர் சொன்ன பிறகுதான் டின்னை மூடுவார். “கண்ணாடியில கீறல் இருந்தா வாங்குறவன் பாத்துக்குவான் தம்பி. பேருல கீறல் இருந்தா அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதுக்குத்தான் ஒங்களுக்கு இம்புட்டுத் தொந்தரவு குடுக்குறேன்” என்பார். எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும்.

அன்றைக்கும் அடுத்த சரக்கைப் பார்த்துச் சொல்லத்தான் போனேன். சந்து முனையிலேயே கூட்டம். கூட்டத்துக்கு நடுவே வெள்ளைக் கோட்டும் கைப்பிரம்புமாக ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். கொழும்பில் இருந்துகொண்டு ராவுத்தரின் டின்களைக் கப்பலேற்றிவிடுகிற ஏஜெண்டு அவர், பிறந்தது ராமநாதபுரம். கையில் ஒரு புட்டி. அதற்குள் ஸ்பிரிட்டில் ஊறிய மீன்கள்.

“பட்டைக் கெண்டைன்னு சொல்லிட்டு வேற மீன அனுப்பியிருக்கீரு ஓய்! இந்தா பாரும், சீமைக்காரன் புட்டியில போட்டுத் திருப்பி அனுப்பிட்டான். ஒத்த மீனுலயாவது பட்டை இருக்கா? அவனுக்கு என்ன தெரியும்னு நெனச்சீரா? ரெண்டும் வேற வேற இனம்னு ஒங்க ஊரு புரொபசரே எழுதியிருக்காராம். அதக் காட்டித்தான் அவன் என்னையக் கேக்குறான்.”

“அல்லாவுக்குப் பொதுவாச் சொல்றேன்ணே, நான் பட்டை மீனத்தான் அனுப்புனேன்” என்றார் ராவுத்தர். குரல் நடுங்கியது.

“கலப்படக்காரன் எல்லாரும் இதத்தான் சொல்லுவான். இனி ஒம்ம சரக்க என் கை தொடாது. சாயங்கால ரயிலுக்குப் போறேன். போற வழியெல்லாம் சொல்லிட்டுத்தான் போவேன்.”

கடையின் பெயர்ப்பலகையில் இருந்தது ராவுத்தருடைய அத்தாவின் பெயர். கலப்படக்காரன் என்ற சொல் விழுந்ததும் அவர் ஏஜெண்டைப் பார்க்கவில்லை. அந்தப் பலகையைத்தான் நிமிர்ந்து பார்த்தார். முந்தின சரக்கை என் கண்ணால் பார்த்துப் பெயர் சொல்லியிருக்கிறேன். எல்லாமே பட்டை மீன்கள். பட்டை தெளிவாக இருந்தவற்றிலும் பெரிய பெரிய மீனாகப் பார்த்து ராவுத்தர் பொறுக்கினார், வாங்குகிறவன் சந்தோஷப்படட்டும் என்று. அதில் பொட்டு மீன் எப்படி வரும்?

வழியில் யாரோ மாற்றியிருப்பார்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நல்ல வேளை, சொல்லவில்லை. இதை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சுற்றி நின்று பத்துப் பேர் பதில் கேட்கும்போது முதலில் வாயில் வருகிற பதில், அந்த நெருக்கடியிலிருந்து நம்மைத் தப்பிக்க வைக்கிற பதிலாகத்தான் இருக்கும். கப்பலேறி வாய்க்கால் கெண்டையைத் திருடுகிற மகராசன் எவன்? நான் வாயை மூடிக்கொண்டு கையை நீட்டினேன். “புட்டியக் குடுங்க.”

வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். பொட்டு மீன்தான், சந்தேகமே இல்லை. ஒன்றைத் திருப்பினேன், இன்னொன்றைத் திருப்பினேன். மூன்றாவது மீனில் கை நின்றுவிட்டது. அதன் உடம்பின் நடுவே, துவைத்த பிறகும் போகாத காப்பிக் கறை மாதிரி, குறுக்கே ஒரு நிழல். பட்டை இருந்த இடம்!

யாரும் மீனை மாற்றவில்லை. மீன்தான் மாறியிருக்கிறது! சின்ன வயதில் பட்டை, பெரியதானால் பொட்டு. ராவுத்தர் பெரிய பட்டை மீனாகப் பொறுக்கினாரே, அவைதான் பட்டையை உதறுகிற வயதில் இருந்தவை. கப்பலில் போகப் போக வளர்ந்து, பட்டையை உதறிவிட்டுப் போய் இறங்கியிருக்கின்றன. நல்ல சரக்காக அனுப்ப வேண்டும் என்று அவர் பட்ட சிரத்தைதான் அவரைக் கலப்படக்காரர் ஆக்கியிருந்தது. அதற்கு அத்தாட்சி எங்கள் பேராசிரியரின் கட்டுரை!

சரி, இதை எப்படி நிரூபிப்பது? குஞ்சை வளர்த்துக் காட்ட நாள் இல்லை. ஏஜெண்டு சாயங்காலம் ரயிலேறிவிடுவார். பாதி மாறிய மீன்கள் வேண்டும். பட்டை மங்கி, பொட்டு இன்னும் சரியாகத் திரளாமல், நடுவழியில் நிற்கிற மீன்கள். கல்லூரி அலமாரியில் ஒன்றுகூடக் கிடையாது. அப்படிப்பட்டவை வலையில் வராமலா இருந்தன? வந்தன. நல்ல மாதிரி இல்லை என்று வாளி வாளியாகக் கொட்டியிருந்தோம், நேற்று நீங்கள் கொட்டப் போனது போலவே. ராவுத்தரும் எங்களைப் பார்த்துத்தான் பழகியவர், மங்கலானதை ஒதுக்கிவிடுவார். ஒதுக்கி என்ன செய்வார்?

“பாய்! பட்டை மங்குனதுன்னு கழிச்சுப் போடுவீங்களே, அந்த மீனெல்லாம் எங்க?”

ராவுத்தர் விழித்தார். “அதுவா? வீட்டுக்குப் பின்னால கழிசல் தொட்டியில கெடக்கு. உசுரோட இருக்கத எதுக்குக் கொல்லணும்னு மரியம் போட்டு வச்சிருக்கா. ஏன் தம்பி?”

பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. கடைக்குப் பின்னால்தான் வீடு. ஓடினேன். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று ராவுத்தரின் மனைவி மரியம் பீவி குரல் கொடுத்தார். “யாரு, காலேஜ் தம்பியா? என்னத்துக்கு இப்படி ஓடி வாரீக?”

“தொட்டி மீனு வேணும்மா!”

“கொல்றதுக்கா?”

“இல்லம்மா! பாயோட மானத்தக் காப்பாத்துறதுக்கு!”

“அப்படின்னா எடுத்துக்கங்க. ஆனா ஒண்ணு செத்தாலும் நான் சும்மா இருக்க மாட்டேன்.”

துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பாசி பிடித்த கல்தொட்டி. உள்ளே எட்டிப் பார்த்தேன். அடடா! எத்தனையோ தடவை கழித்துப் போட்டவை எல்லாம் அதற்குள் ஒன்றாய் வளர்ந்து கிடந்தன. சுண்டுவிரல் அளவிலிருந்து உள்ளங்கை அளவு வரைக்கும் ஒரு அளவு விடாமல் இருந்தன. ஒன்றில் முன்பட்டை மட்டும் போயிருந்தது. ஒன்றில் நடுப்பட்டை நிழலாக நின்றது. ஒன்றில் பின்பட்டை மேலும் கீழும் சுருங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் தெரிந்தது, அந்தப் பொட்டு புதிதாக வருகிற பொட்டு இல்லை, பின்பட்டையில் மிஞ்சுவதுதான் பொட்டு! நான் அங்கேயே நின்று கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. கதவுக்குப் பின்னால் மரியம் பீவி சிரித்தது மட்டும் நினைவிருக்கிறது.

கண்ணாடிக் கடைக்காரரிடம் கிளாஸுக்கா பஞ்சம்? கடை வாசல் பலகையில் சர்பத் கிளாஸ்களை வரிசையாக வைத்தோம், பெரிய மீனுக்கு மிட்டாய் ஜாடிகளை வைத்தோம். ஒன்றுக்கு ஒரு மீன். இடது கோடியில், அடுத்த சரக்குக்கு வைத்திருந்ததில் எடுத்த, மூன்று பட்டையும் பளபளக்கிற குஞ்சு. வலது கோடியில் நூல் துடுப்பை ஆட்டிக்கொண்டு பொட்டு மீன். நடுவில் சின்னதிலிருந்து பெரியதாக மற்றவை. ராவுத்தருக்கு இன்னும் விஷயம் முழுதாகப் புரியவில்லை; ஆனால் கிளாஸ்களை வேட்டி நுனியால் துடைத்துத் துடைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். சந்தில் இருந்த கூட்டம் இரண்டு மடங்காகிவிட்டது.

“அண்ணே, ஒங்க பிரம்ப எடுங்க” என்றேன் ஏஜெண்டிடம். “இந்தக் கோடியில இருக்கது பட்டைக் கெண்டையா?”

“ஆமா.”

“அந்தக் கோடியில இருக்கது?”

“அது வேற. பொட்டுக் கெண்டை.”

“சரி. எந்த எடத்துல அது முடிஞ்சு இது ஆரம்பிக்குதோ, அந்த ரெண்டு கிளாஸுக்கு நடுவுல பிரம்ப வைங்க. வச்சிட்டீங்கன்னா ராவுத்தர் கலப்படக்காரர்னு நானே சொல்றேன்.”

அவர் அலட்சியமாகத்தான் வந்தார். ஒரு இடத்தில் பிரம்பை வைத்தார். குனிந்து அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. பிரம்பை எடுத்து இரண்டு கிளாஸ் தள்ளி வைத்தார். அங்கேயும் அதே கதை. திரும்ப முந்தின இடத்துக்கு வந்தார். கூட்டத்தில் யாரோ “வலது பக்கம் வைங்கண்ணே” என்றார். இன்னொருவர் “இல்ல மாப்ள, எடது பக்கம்” என்றார். எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. ஆனாலும் அவர் லேசான ஆளில்லை. பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “நீரு அவருக்கு வேண்டியவரு. ரெண்டுன்னு எழுதுனவரு வாயால ஒண்ணுன்னு வரட்டும், ஒத்துக்குறேன்” என்றார்.

நியாயமான பேச்சுதான். ஆனால் பேராசிரியர் பிரித்ததைத் தவறு என்று அவரிடமே போய்ச் சொல்ல நான் யார்? ராவுத்தர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒத்துக்குவாரா தம்பி?”

“தெரியல பாய். கூட்டிட்டு வாரேன்.”

பேராசிரியர் வீடு பசுமலையில். ஜட்கா வண்டி பிடித்துப் போகிற வழியெல்லாம் வாதங்களை அடுக்கிக்கொண்டே போனேன். வாசலில் இறங்கியபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். கேட்டுவிட்டு வந்தால் அவர் என் வாதத்தைப் பார்ப்பார். கேட்காமல் வந்தால் மீனைப் பார்ப்பார். “சார், தெற்கு மாசி வீதியில ஒரு மீனுக்கு நீங்க பேர் சொல்லணும். அவசரம்” என்றேன், அவ்வளவுதான். மீன் என்றதும் செருப்பைத் தேடிக்கொண்டு எழுந்துவிட்டார். அன்று நான் எடுத்த முடிவுகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

நாங்கள் வந்து இறங்கியபோது ஏஜெண்டின் பெட்டி ரயிலடிக்குப் போகத் தயாராக இருந்தது. பேராசிரியர் இடது கோடியைப் பார்த்ததும் ஒரு பெயர் சொன்னார். வலது கோடியைப் பார்த்ததும் இன்னொரு பெயர் சொன்னார். ராவுத்தரின் முகம் தொங்கிவிட்டது. “நடுவுல சார்?” என்றேன்.

குனிந்தார். பிறகு அந்தத் தெருப் புழுதியிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, ஒவ்வொரு கிளாஸாக முகத்தை ஒட்டவைத்துப் பார்த்துக்கொண்டே தவளை மாதிரி நகர்ந்தார். கோடி வரை போய்த் திரும்பி வந்தார். இரண்டு கிளாஸுக்கு நடுவே கையை வைத்தார். எடுத்தார். வேறு இடத்தில் வைத்தார். கையை மறுபடியும் எடுத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். அத்தனை வருடத்தில் அந்தச் சிரிப்பை நாங்கள் யாரும் கேட்டதில்லை. “அடேய், புள்ளைக்கு ஒரு பேரும் அப்பனுக்கு ஒரு பேரும் வச்சு, ரெண்டும் வேற வேற குடும்பம்னு சீமைக்கு எழுதியிருக்கேன்டா நான்!” என்றார். எழுந்து ஏஜெண்டைப் பார்த்தார். “நான் எழுதினது தப்பு. இவர் அனுப்பினது பட்டை மீன்தான். அது வழியில வளர்ந்துடுச்சு. அதே பத்திரிகைக்குத் திருத்தி எழுதுறேன். அது அச்சாகி வர நாளாகும், நீங்க அதுக்கு முன்னாடி வாயால சொல்லிடுங்க.”

ஏஜெண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் முணுமுணுக்கவில்லை. கடைசி ஜாடிக்கும் அந்தப் பக்கம், வரிசைக்கு வெளியே, பிரம்பைக் கிடத்தினார். காலையில் எந்தக் குரலில் கத்தினாரோ அதே குரலில், “எல்லாம் ஒண்ணுதான். நான் சொன்னது தப்பு. ராவுத்தர் சரக்குல கலப்படம் இல்ல!” என்றார். ராவுத்தர் மறுபடியும் அந்தப் பலகையை நிமிர்ந்து பார்த்தார். இந்தத் தடவை மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

ஏஜெண்டு வியாபாரி அல்லவா? உடனே, “இந்த வரிசைய அப்படியே குடுங்க ராவுத்தரே. சீமையில கொத்திட்டுப் போயிருவான்” என்றார். “எனக்கும் நடுவில இருக்கறதுல நாலு வேணும், புட்டியில போட” என்றார் பேராசிரியர்.

கடைக்குப் பின்னாலிருந்து மரியம் பீவியின் குரல் வந்தது. “அது விக்கிறதுக்கும் இல்ல, புட்டிக்கும் இல்லன்னு சொல்லுங்க.”

“கேட்டுக்கிட்டீங்கள்ல?” என்றார் ராவுத்தர். காலையில் நடுங்கிய அதே குரலில் இப்போது அவ்வளவு நிமிர்வு!

பேராசிரியரிடம் அதுவரை யாரும் முடியாது என்று சொன்னதில்லை. மறுநாள் அவர் அலமாரியைத் திறந்து இரண்டு புட்டிகளையும் ஒரே புட்டியாக்கினார். நடு மீன்களைப் பார்க்க வேண்டுமென்றால் ராவுத்தர் வீட்டுக்குத்தான் போக வேண்டும். போனார். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து, தொட்டிக்குள் ஓடுகிற மீனைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்தத் திருத்தத்தை எழுதினார்.

நான் நேற்று உங்கள் வாளியைக் கொட்ட விடவில்லை. இதோ, என் நாற்காலிக்கு அடியில் இருக்கிறது. காலையிலிருந்து எத்தனை தடவை எட்டிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. உள்ளே ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, எனக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை! போய்க் கிளாஸ் எடுத்து வாருங்கள், சீக்கிரம்.